முனை விளக்குக்கு நேர்ந்த எண்ணெய்

அன்று அந்திக் கருக்கலில் எங்கள் தோட்டத்துக் குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களை நிறுத்தி வைத்திருந்தவள் என் அம்மா.

"இருங்கடி, எங்க ஓடுறீங்க? இன்னைக்கு எரியப்போறது எங்க வீட்டு எண்ணெ. பாத்துட்டுப் போங்க."

குழாயடி மேட்டில் நின்றால் ரப்பர் பால்மரங்களின் தலைக்கு மேலே கடல் ஒரு கோடாகத் தெரியும். லிங்கி ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு அப்பால், தண்ணீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு குன்று. சுற்றிலும் வேறு மாநிலம். அந்தக் குன்று மட்டும் மலாக்காவைச் சேர்ந்தது. அதன் உச்சியில்தான் கலங்கரை விளக்கு. மலாய்க்காரர்கள் 'ரூமா அப்பி' என்பார்கள். நாங்கள் முனை விளக்கு என்போம். பொழுது சாய்ந்தால் விட்டுவிட்டு மினுக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உலை வைப்பது.

விளக்கு வந்தது. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் கும்பிட்டார்கள்.

கொஞ்ச நேரம் மினுக்கியது. பிறகு மஞ்சளாகியது. சிவந்தது. அணைந்துவிட்டது.

களையெடுக்கிற குப்பம்மாள் வாய்த் துடுக்கானவள். அவள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"என்னாக்கா, எண்ணெ தீந்துபோச்சா? ஒரு பாட்டிலுதானே ஊத்துனீங்க. ரெண்டா ஊத்தியிருந்தா விடிய விடிய எரிஞ்சிருக்கும்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று இத்தனை வருஷமாக நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். கேட்டு வருத்தப்பட வேண்டியவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

லைட்டு மாப்பிள்ளை

ரப்பர் விலை விழுந்த காலத்தைப் பற்றி இந்தப் பகுதியில் போன வாரமே கொஞ்சம் சொல்லியிருந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்போம். தோட்டத்துக் கணக்கர் கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் பாலுக்கு மரம் வெட்டப் போகலாம். கூப்பிடாத ஆள் வீட்டுக்குப் போய் மூட்டை கட்ட வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. மூட்டை கட்டியவர்களை மலாக்காத் துறைக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எந்த ஊருக்கு? என்னைப் போல இங்கேயே பிறந்தவர்களுக்கு அது அம்மா வாயால் கேட்ட ஊர்.

அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். ஆண் இல்லாத வீட்டின் பெயரைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஆனால் எங்கள் பெயரைக் கங்காணி வெட்டவில்லை. காரணம், என் அக்கா பாக்கியத்தின் புருஷன் ரெங்கசாமி. அவர் முனை விளக்கில் வேலையாள். கவர்மெண்ட் வேலை.

அத்தான் காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். 'லைட்டு மாப்ள' என்றுதான் லயத்தில் எல்லோரும் கூப்பிடுவார்கள். பித்தளை தேய்த்துத் தேய்த்து அவர் விரல் நுனியெல்லாம் பச்சை பாய்ந்திருக்கும். கங்காணி அவரைக் கண்டால் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசுவார்.

"என்னா மாப்ள, உங்க வெளக்கு பாத்துத்தான் கப்பலெல்லாம் போகுதாமே?"

"ஆமா கங்காணி. நான் தும்முனா ரெண்டு கப்பல் நின்னு என்னான்னு கேட்டுட்டுப் போவும்."

இப்படித்தான் பேசுவார். வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு. ஆனால் மனுஷர் விளக்கை விட்டு ஒரு நாள் அசைந்தவர் இல்லை.

நானும் அப்போது வணங்காத கழுத்துதான். வயது பதினாறோ பதினேழோ. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்திருந்தேன். என் பெயரை எழுதுவேன். அஞ்சலை. லயத்தில் என் வயதுப் பெண்கள் ஒருத்திக்கும் அது வராது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம்.

வாய்விட்டு நேர்ந்தது

ஆள் குறைப்பு முனை விளக்குக்கும் வந்தது. அங்கே பெரிய விளக்குக்காரர் ஒரு செரானி, போர்த்துக்கீசிய வம்சம். அவருக்குக் கீழே மூன்று வேலையாட்கள். அதில் ஒருவரைக் கழிக்கப்போவதாகச் சேதி.

அக்கா அப்போது ஐந்து மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்காமல் போயிருந்தது. இந்தப் பிள்ளையோடு கப்பலில் ஏறினால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போன கப்பலில் பேதி வந்து செத்தவர்களைக் கடலில் போட்டார்கள் என்று வேறு பேச்சு.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம். கருவறைக்கு முன்னால் அணையாமல் ஒரு விளக்கு எரியும். நேர்ந்துகொண்டவர்கள் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து அதிலே தாங்களே ஊற்றுவார்கள். பூசாரியிடம் கொடுத்துவிட்டுப் போனால் செல்லாது. நேர்ந்த வீட்டு ஆளின் கையால் விளக்கில் விழ வேண்டும். விழாத எண்ணெய் கடன்தான், அம்மன் வந்து கேட்பாள் என்பார்கள்.

அம்மா அந்த விளக்குக்கு நேராமல் முனை விளக்குக்கு நேர்ந்துகொண்டாள். "தாயே, என் மருமவனுக்குச் சோறு போடுறது அந்த வெளக்கு. ஊரு ஒலகத்துக் கப்பலையெல்லாம் காப்பாத்துது. அவரு வேல நிக்கட்டும், நான் அந்த வெளக்குக்கே எண்ணெ ஊத்துறேன்" என்று கோயில் வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அவளுக்கு எரிகிற விளக்கெல்லாம் ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான்.

வேறொருவரைக் கழித்தார்கள். அத்தான் வேலை நின்றது.

அம்மா தேங்காய் பொறுக்கி, துருவி, பால் எடுத்துக் காய்ச்சினாள். வெயில் நிறத்தில் ஒரு பாட்டில் எண்ணெய். வாயைத் துணியால் அடைத்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள்.

குன்றின் மேலே

வாரத்தில் ஒரு நாள் காலையில், பெயர் எழுதி வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் விளக்கில் ஏறிப் பார்க்கலாம். கடலில் குளிக்க வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள்தான் ஏறுவார்கள். தோட்டத்து ஆள் ஏறலாம் என்று யாரும் நினைத்ததில்லை. அத்தான்தான் சொல்லியிருந்தார்: "நீங்களும் வரலாம் அத்தை. போர்டுல தோட்டத்தாளு வராதேன்னா எழுதியிருக்கு?"

இருட்டு பிரியும்போதே கிளம்பினோம். ஒரு மலாய்க்காரர் சம்பானில் ஆற்றைக் கடத்திவிட்டார். அப்புறம் மணலில் நடை. பாட்டிலை அம்மா என்னிடம்கூடக் கொடுக்கவில்லை. குன்றடியில் அக்கா வீட்டில் கஞ்சி குடித்தோம். அக்கா வயிற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வரவில்லை. காட்டுக்குள் ஏற்றம். குரங்குகள் பாட்டிலையே பார்த்தன. மரங்கள் விலகியதும் வெள்ளை வெளேரென்று கட்டடம், கழுத்தை ஒடித்துப் பார்க்கும்படி.

வாசலில் மேசைமேல் ஒரு கனத்த புத்தகம். அம்மா கட்டைவிரல் வைத்தாள். நான் பெயர் எழுதினேன். பக்கம் முழுவதும் இங்கிலீஷ். நடுவில் என் நாலு எழுத்து. செரானிக்காரர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மலாயில், "அழகா இருக்கு லா" என்றார். எனக்குத் தலை கூரையில் இடித்தது.

வளைந்து வளைந்து போகும் படியில் ஏழெட்டு ஏறியதும் அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. கீழேயே உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலை அத்தானிடம் கொடுத்தாள்.

"நீங்க ஊத்திருங்க மாப்ள. உங்களுக்காக நேந்ததுதானே. உங்க கையும் நம்ம வீட்டுக் கைதான்."

"கொடுங்க அத்தை. நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அவர் பின்னால் ஏறினேன்.

மேலே விளக்கறையில் வெயில் படாமல் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் வாசம், பித்தளை தேய்க்கும் மாவு வாசம். நடுவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி, அடுக்கடுக்காகத் தாமரை மொட்டு போல. உள்ளே ஒரு திரி இருக்கும், அகல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். குழாயும் பம்பும்தான் இருந்தன. பக்கத்தில் சாயங்காலத்துக்கு என்று துணியில் வடிகட்டி வைத்த மண்ணெண்ணெய், மூக்கு வைத்த பெரிய டின்னில்.

அத்தான் பாட்டிலைக் கீழ்த்தட்டில், துடைக்கிற கந்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னா அத்தான், அங்க வக்கிறீங்க?"

"மெதுவா பேசு புள்ள. இதுல தேங்காயெண்ண ஊத்தக்கூடாது. கொழா அடச்சிக்கும்."

"அப்ப அம்மாகிட்ட ஊத்துறேன்னு சொன்னீங்க?"

"சொல்லலன்னா அத்தை படியிலயே அழுவும். வீட்ல சாமி படத்துக்கு ஊத்திக்கறேன். நீ அம்மாகிட்ட ஊத்தியாச்சுன்னு சொல்லிரு. சாமி கோச்சிக்காது. துரைதான் கோச்சிக்குவான்."

சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா ராத்திரியெல்லாம் காய்ச்சியது கந்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கவர்மெண்ட் சோறு தின்றதும் எங்கள் எண்ணெய் இவருக்கு இளக்காரம் என்று நினைத்தேன். குழாய் அடைக்கும் என்றது சாக்குப் பேச்சு என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஊற்றாவிட்டால் அம்மன் அக்கா வயிற்றில் கை வைத்துவிடுவாள் என்று பயந்தேன்.

அன்று ஒரு வெள்ளைக்காரரும் அவர் பெண்சாதியும் வந்திருந்தார்கள். வெளி வராந்தாவில் காற்றுக்கு அந்த அம்மாவின் குடை பறந்து கம்பியில் மாட்டிக்கொண்டது. செரானிக்காரர், "சாமீ!" என்று அத்தானைக் கூப்பிட்டுக் கத்தினார். அத்தான் ஓடினார்.

நான் பாட்டிலை எடுத்தேன். துணியைப் பிடுங்கினேன். "மாரியாத்தா, எங்கக்கா பிள்ளையக் காப்பாத்து" என்று சொல்லி, வடிகட்டி வைத்த டின்னில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். மேலே கொஞ்சம் கோடு கோடாக மிதந்தது, பிறகு தெரியவில்லை. காலிப் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கந்தலை இழுத்துவிட்டேன்.

கீழே வந்ததும் அம்மா கேட்டாள்: "மாப்ள ஊத்துனாரா?"

"ஊத்துனாரும்மா. நல்லா ஊத்துனாரு" என்றேன். நான் ஊற்றியதைச் சொன்னால் அவர் மறுத்ததையும் சொல்ல வேண்டும். மருமகனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய் அன்று நல்ல காரியம் போலத்தான் இருந்தது.

அங்கிருந்து திரும்பி வந்துதான் குழாயடியில் நின்றோம்.

பிறகு நடந்தது

நல்லவேளை, எந்தக் கப்பலும் பாறையில் ஏறவில்லை. ஆனால் முனை இருட்டாகக் கிடந்ததை ஒரு கப்பல்காரன் மேலே எழுதிப்போட்டுவிட்டான். அதிகாரி மோட்டார் படகில் வந்து, தொட்டியைத் திறந்து, விரலை விட்டு மோந்து பார்த்தாராம். காலிப் பாட்டில் கீழ்த்தட்டிலேயே இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு.

புத்தகத்தில் தமிழ்ப் பெயர் இருப்பதைப் பார்த்து, இவர்கள் யார், இவர்கள் எதையாவது தொட்டார்களா என்று கேட்டார்கள். "என் மாமியாரும் கொழுந்தியாளும். ஒண்ணும் தொடல. டின்னு மாத்தி நான்தான் ஊத்திட்டேன்" என்றார் அத்தான். அன்றே வேலை போயிற்று. குன்றடி வீட்டையும் காலி பண்ணச் சொன்னார்கள். வேறு எங்கும் ஆள் எடுக்காத காலம். அடுத்த கப்பலுக்குப் பெயர் எழுதிவிட்டார்கள்.

கப்பலுக்கு முந்தைய சில நாட்கள் எங்கள் லயத்தில்தான் தங்கினார்கள். காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டியில் வந்த அத்தானைப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. கங்காணி வெற்றிலையைத் துப்பாமலே பேசினார்.

அம்மாவுக்குத் துக்கம் கோபமாக வந்தது. "வருஷக்கணக்கா வெளக்கோட இருக்கீங்க. ஒரு பாட்டில் எண்ணெய எங்க ஊத்தணும்னு தெரியலயா மாப்ள?"

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான் அத்தை" என்றார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. "அவர ஏன் சொல்ற? நேந்தது யாரு? உன்ன யாரு நேரச் சொன்னா? ஒன் வாயாலதான் என் குடி போச்சு!"

"நான் உன் வயித்துக்காகடி நேந்தேன்!"

"வயித்தோடதான் கப்பல்ல போறேன். பாத்து சந்தோஷப்படு."

அதோடு இரண்டு பேரும் பேச்சை விட்டார்கள். பத்தடி அறையில் மூன்று நாள், தாயும் மகளும் முகம் பார்க்காமல். நான் நடுவில் பாய் விரித்துப் படுத்தேன். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டு என் மேல் பாய்ந்திருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கிளம்புகிற அன்று காலையில் குழாயடியில் அத்தான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் குடத்தோடு போனேன். வாயைத் திறந்தேன்.

"அத்தான், அன்னைக்கு..."

"சொல்லாத." திரும்பாமலே சொன்னார். "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மேல வந்தது நீ ஒருத்திதான்."

"நான் போயி அந்தத் தொரகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லி? சர்க்கார் வெளக்கக் கெடுத்தவளுன்னு உன்ன ஸ்டேஷன்ல வப்பான். எனக்கு வேல திரும்பக் கெடைக்குமா? வெளக்கறையில உன்னத் தனியா விட்டது எவன்னு அதுக்கும் என்னத்தான் புடிப்பான். கங்காணி அன்னைக்கே உங்க பேர வெட்டுவான். நாலு பேரும் சேந்து கப்பல்ல போலாம், நல்லா இருக்கும்."

பழைய மாதிரி சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நேராகப் பார்த்தார்.

"பெரிய மனசோட விட்டுட்டேன்னு நெனைக்காத புள்ள. ஊத்தக்கூடாதுன்னு உன்கிட்ட சொன்னேன். நான் உன்ன மன்னிக்கல."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

மலாக்காத் துறை

மலாக்காவில் கரையோரம் சேறு. பெரிய கப்பல் கிட்டே வராது. தொங்காங் படகில் ஏற்றி, தூரத்தில் நிற்கிற கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். ஆற்று வாயில் ஆயிரம் மூட்டை. கருவாட்டு வாசம். பிள்ளைகளின் கழுத்தில் சீட்டு கட்டியிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் நாலு குடும்பம் இருந்தது.

அம்மா ஊறுகாய் ஜாடி ஒன்று கொண்டு வந்திருந்தாள். அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. அத்தான் வாங்கிக்கொண்டார். வயிறு பெரிதாகி, படகுப் பலகையில் கால் வைக்கத் தெரியாமல் அக்கா தடுமாறினாள். அம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் வேறு யாரோ அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அக்கா கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். படகு ஆற்று வாயைத் தாண்டுகிற வரை கரைப்பக்கம் திரும்பவில்லை.

கடுதாசி ஒன்று வந்தது, ஏழெட்டு மாதம் கழித்து. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து யாரோ எழுதியது. கிராணி படித்துச் சொன்னார். பிள்ளை குறைமாதத்தில் கப்பலிலேயே பிறந்தது. கரை சேர்வதற்கு முன்னால் இரண்டும் போய்விட்டன, தாயும் பிள்ளையும். ரெங்கசாமி ஒரு பண்ணையில் இருக்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

எங்கள் பெயரைக் கங்காணி வெட்டவில்லை. எங்கள் முறை வருமுன்னே, அடுத்த வருஷம் ரப்பர் விலை கொஞ்சம் ஏறியது, ஆள் வேண்டியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளைகள் பிறந்தன, எல்லாம் தங்கின. இப்போது அந்த விளக்குக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். என் பேத்தி போய்வந்து, "ஆயா, மேலருந்து பாத்தா கடலு சூப்பரா இருக்கு, நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

துறையிலிருந்து திரும்பிய அன்றைக்கு வருகிறேன். வாடகை பஸ்ஸில் நானும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஜாடியைக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்த அம்மா மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டிருந்தாள். மஸ்ஜித் தானா ஊர் தாண்டியது. அப்புறம் யாரிடமோ நியாயம் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"மாப்ள நல்லவருதான். நான் கொற சொல்லல. ஆனா நம்பிக்க இல்லாம ஊத்தியிருக்காரு. அதான் ஆத்தா ஏத்துக்கல. இல்லன்னா நான் நேந்தது பொய்க்குமா? நீ கூட இருந்தியே, நீயே சொல்லு. ஏனோதானோன்னுதானே ஊத்துனாரு?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.